நாலு சில்லும் நாலு ஈர்க்கும்

கொட்டாஞ்சேனை ஐறீன் எங்கள் வெள்ளவத்தைக் கார் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. எட்டுக் கார்கள் நிற்கிற இடத்தில் அவள் ஒருத்திதான் பெண். முறை வந்தால் சவாரி ஓட ஹயர் கொடுப்பார்கள், தேத்தண்ணீர் குடித்தால் அவளுக்கும் ஒன்று சொல்வார்கள். ஆனால் வண்டிக் கோளாறு பற்றிக் கதைக்கும்போது ஒருவரும் அவளை ஒரு வார்த்தை கேட்பதில்லை. பதினெட்டு வயதிலிருந்து ஸ்டியரிங் பிடித்தவளுக்கு அது எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமைகளில் கிழவி என்னை ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போகிறவள் அவள்தான். இந்தக் குறையைப் பின் சீட்டிலிருந்து நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்.

இந்த வருடம் எல்லோருமாகச் சேர்ந்து டயர் எடுக்க முடிவாயிற்று. எந்த டயர் என்பதில்தான் சண்டை.

“வெளிநாட்டு டயர் போட்டா மூணு வருஷத்துக்கு திரும்பிப் பாக்கத் தேவல்ல,” என்றார் தாஸிம். ஸ்டாண்டில் மூத்தவர் அவர்.

“ஒங்களுக்கென்ன நானா, நீங்க காரை ஓட்டுறதவிட கழுவுறதுதானே கூட,” என்றான் நோபேட். அவன் உள்ளூர் டயர்க் கட்சி.

ஐறீன் குறுக்கே வந்தாள். “சும்மா கத்தி என்ன பிரயோசனம்? என்ட கார்ல ரெண்டையும் போடுறன். ரெண்டு மாசம் ஓடி அளந்து சொல்றன்.”

“அளக்கிறதுக்கு இது சட்டைத் துணியா?” என்று தாஸிம் சிரித்தார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள்.

இடப்பக்கச் சில்லு இரண்டிலும் உள்ளூர் டயர், வலப்பக்கச் சில்லு இரண்டிலும் வெளிநாடு. டயரின் பள்ளத்துக்குள் தென்னை ஈர்க்குக் குச்சியை நட்டு, மேல் மட்டத்தோடு முறித்தெடுப்பாள். அதுதான் அவளுடைய அளவுகோல்; டயர் தேயத் தேயக் குச்சி கட்டையாகும்.

இரண்டு மாதத்தில் இடப்பக்க ஈர்க்குகள் நன்றாகக் கட்டையாகிவிட்டன. உள்ளூர் டயர் தோற்றதென்று தாஸிம் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். சனிக்கிழமை வெளிநாட்டு டயருக்கு ஓடர் கொடுப்பதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை என்னை ஏற்ற வாசலில் ஓரம் கட்டினாள். இடப்பக்கச் சில்லு ஓரக்கல்லில் கிறீச்சென்று உரசியது. பம்பலப்பிட்டியில் ஒரு பார்சல் வாங்க நிறுத்தியபோதும் அதே சத்தம்.

“பிள்ளை, வலப்பக்கச் சில்லு எப்ப கல்லில உரசும்?” என்று கேட்டேன்.

“அது எப்பிடி ஆச்சி உரசும்? அது நடு றோட்டுப் பக்கமெல்லோ,” என்றவள் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ஓரத்து மண், கல்லு, பள்ளம் எல்லாம் இடப்பக்கத்துக்குத்தான். ஏறுற ஆக்களும் இடப்பக்கம்தான் இருக்கிறது.”

“ஓம், என்ர பாரத்தையும் அதில சேர்.”

அவள் சிரிக்கவில்லை. “இதப் போய்ச் சொன்னா, பொம்பிளைக்கு என்ன தெரியும் எண்டுவாங்க.”

“சொல்லாட்டில்?”

“எனக்குத் தெரியுமே ஆச்சி.”

“அப்ப காரைத் திருப்பு. முருகன் எங்கயும் போகமாட்டார்.”

ஸ்டாண்டில் இறங்கி, தன் கணக்குப் பிழை என்று ஐறீன் வெளிப்படையாகச் சொன்னாள். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அப்ப நான் வாங்கித் தந்த வடைய திருப்பித் தாங்க,” என்றார் தாஸிம்.

ஐறீன் அசையவில்லை. “பக்கம் மாத்திப் பூட்டி இன்னும் ரெண்டு மாசம் ஓடுறன். இது பட்டத அது படட்டும். பிறகு சொல்லுங்க.”

“என்ட பழைய டயர் மொட்டையா இரிக்கிது,” என்று முணுமுணுத்தாலும் தாஸிம் பொறுத்தார்.

அந்த இரண்டு மாதமும் என்னை வலப்பக்கம் இருக்க அவள் விடவில்லை. வெயில் சுட்டாலும் இடப்பக்கம்தான். போன மாதிரியே போனால்தான் நியாயமாம்.

முடிவு நாளில் தாஸிம் தன் கையாலேயே ஈர்க்கு நட்டு முறித்தார். எந்தக் குச்சி எந்த டயருடையது என்று சொல்லாமல், முன்சில்லுச் சோடியையும் பின்சில்லுச் சோடியையும் என் கையில் தந்தார். டயரில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாத எனக்கு எந்தக் கட்சியும் இல்லையே. நகத்தால் தடவிப் பார்த்தேன்.

“முன்னுக்கும் சமன், பின்னுக்கும் சமன்,” என்றேன்.

நோபேட் வாங்கிப் பார்த்தான். தாஸிம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

“அப்ப நான் சொன்னதும் சரி,” என்றார் தாஸிம்.

“நான் சொன்னதும்,” என்றான் நோபேட்.

அவரவர் விரும்பிய டயரையே அவரவர் எடுத்தார்கள். அளவு பிழை என்று மட்டும் மற்ற ஏழு பேரில் ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் காரில் ஏறும்போது தாஸிம் ஓடி வந்தார். “ஐறீன், பிரேக் புடிக்கக்குள்ள ஒரு சத்தம் வருது. ஒருக்கா ஓட்டிப் பாத்துச் சொல்லுங்களே.”

“ஆச்சி, ஒரு அஞ்சு நிமிசம்,” என்றாள். அரை மணித்தியாலம் எடுத்தாள். முருகன் எங்கும் போய்விடமாட்டார்.