கறுப்புக்கும் மண்ணிறத்துக்கும் நடந்த சண்டை

நேற்று மலர் அக்காவின் அறையைக் கூட்டப் போய்க் கட்டிலுக்கடியில் தும்புத்தடியை விட்டால், ஒரு சப்பாத்துப் பெட்டி வந்தது. இன்னும் விட்டால் இன்னொன்று. மொத்தம் ஐந்து. எல்லாவற்றிலும் புதுத்தோல் மணம். எனக்கு வந்ததே ஒரு விசர்! இந்த மனுசிக்கு எதையும் எறிய மனம் வராது.

அந்த மணம் தொண்ணூறுகளில் இந்த இத்தாலிய நகரத்து வியா மக்வேதாத் தெருவின் சப்பாத்துக் கடையில் மணந்தது. அக்காவுக்கு மூன்று வயதில் போலியோ. வலது கால் சூம்பிவிட்டது. அந்தப் பாதம் முப்பத்தாறு அளவு, இடது முப்பத்தொன்பது. லிபெர்த்தாத் தெருவில் அவர் வேலை செய்த வீட்டு எசமானி சின்யோராவுக்கும் சிறுவயதில் அதே வருத்தம்தான், ஆனால் இடது காலில்; அளவுகளும் அதே இரண்டுதான். பிறகென்ன, அளவுக்கொரு சோடி வாங்கி ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒன்றும் மிஞ்சாது. ஆனால் இரண்டு சோடியும் ஒரே நிறமாக இருக்கவேண்டுமே! அக்காவுக்குக் கறுப்பு, சின்யோராவுக்கு மண்ணிறம். இரண்டு பேரும் நின்று சண்டைபிடிக்க, கூடப்போன எனக்குத்தான் கால் உளையும்.

நாற்பத்தைந்து தாண்ட அக்காவின் கால் மறுபடி சோரத் தொடங்கியது. கால்சாப் பகுதியில் எங்கள் நாலாம் மாடி வீட்டுக்கு ஏறுவதற்குள் இரண்டு தரம் படியில் இருந்துவிடுவார்.

"டொக்டரிட்டைப் போவம், அக்கா."

"போனால் ஏலாது எண்டு எழுதிப்போடுவான். வேலை போனால் இங்கை இருக்கிற பெர்மெஸ்ஸோ விசாவும் போயிடும். வாயை மூடிக்கொண்டு இரு, பிள்ளை."

சின்யோராவுக்கு முன்னால் ஓடி ஓடி ஜன்னல் துடைப்பார். வீட்டுக்கு வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுவார். எண்ணெய் தேய்ப்பது யார்? நான்தான்.

ஒருநாள் கடையில் அக்கா பழசைக் கழற்ற, சின்யோரா அந்தச் சின்னச் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தார். முனை தேய்ந்து ஓட்டை விழப் பார்த்தது. காலை இழுத்து நடந்தால் அப்படித்தான் தேயும். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சின்யோரா தன் சின்னச் சப்பாத்தையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். அதே முனை, அதே தேய்வு.

"எவ்வளவு காலமாக?" என்று இத்தாலியனில் கேட்டார்.

"ஒரு வருசம்."

"எனக்கு இரண்டு. உன்னை நிறுத்திவிட்டு மற்றச் சப்பாத்துகளை யார் தலையில் கட்டுவேன்?"

அடுத்த நாளிலிருந்து இருவரும் கதிரை போட்டு இருந்தபடியே மரக்கறி வெட்டினார்கள். இதை முதலிலேயே கதைத்திருக்கக் கூடாதா? ஒரு வருசம் எண்ணெய் தேய்த்த எனக்கு இரண்டு தலையையும் பிடித்து மோதிவிடலாம் போலிருந்தது.

சின்யோரா செத்து ஐந்து வருசமாகிறது. இப்போது வருசத்துக்கு இரண்டு சோடியும் அக்காவே வாங்குகிறார். நேற்றுப் பெட்டிகளைத் திறந்தால், ஒவ்வொன்றிலும் இடது முப்பத்தாறு, வலது முப்பத்தொன்பது.

"எறியட்டோ, அக்கா? இதுக்கு அளவான கால் இனி ஆரிட்டை இருக்கு?"

"உன்ரை வேலையைப் பார்" என்று கத்தினார்.

ஐந்தும் மண்ணிறம். திரும்பி அவர் காலில் கிடந்த சோடியைப் பார்த்தேன். அதுவும் மண்ணிறம்தான்.