கண்ணாடி நூலின் முனை

கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போய், கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கிறேன். அங்கே குளிர் அறை என்று ஒன்று உண்டு. துப்புரவுக்காரர்களில் அதன் கதவைத் திறக்கும் அட்டை எனக்கு மட்டும்தான் தந்திருந்தார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

அறை நடுவே, கடுங்குளிரில் மட்டுமே வேலை செய்யும் குவாண்டம் கணினி ஒன்று, அடுக்கு டிபன் கேரியரைத் தலைகீழாக மாட்டியதுபோல் தொங்கும். கீழே போகப் போகக் குளிர் கூடும். மேலிருந்து அதற்குக் கட்டளை கொண்டுபோன செம்புக் கம்பிகளில் பாதியைக் கழற்றிவிட்டு, மயிரைப்போல ஒரு கண்ணாடி நூலைப் போட்டார் இன்ஜினியர். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்திருப்பவர். எனக்கு அவர்மேல் அப்போதே சந்தேகம்.

"அத்தன கம்பி செஞ்ச வேலைய ஒத்த நூலு செஞ்சிருமா தம்பி?"

"கம்பி வழியா வெளிச்சூடும் உள்ள இறங்கிடும் ஆன்ட்டி. இதுல வெறும் வெளிச்சம்தான் போகும். கீழ ஒரு சில்லு அத மின்சாரமா மாத்திக்கும்."

"வெளிச்சம் போனா சூடும் போகும்லா. நான் வெயில்ல துணி காயப் போடுறவ."

சிரித்தார். "அந்தச் சூட்டுக்குத்தான் நாங்களும் பயப்படுறோம். ரொம்பக் கொஞ்சமாத்தான் விடுவோம்."

பயப்படுகிறவர் ஏன் சிரிக்க வேண்டும்?

ஒரு திங்கட்கிழமை கணினி சொன்னதைக் கேட்கவில்லை. நூலில் வெளிச்சம் சரியாகப் போகவில்லையாம். எங்கள் சூப்பர்வைசர் நேரே என்னிடம் வந்தாள்.

"கார்டக் குடுங்க ஆன்ட்டி. இனிமே உள்ள போக வேணாம்."

இன்ஜினியரே கெடுத்துவிட்டு என் தலையில் கட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். "என்ன கெட்டுப்போச்சுன்னு காட்டச் சொல்லு. பாக்காம கார்டு வராது."

இன்ஜினியர் நூலின் முனையைக் கழற்றி லென்ஸுக்கு அடியில் வைத்தார். திரையில் பெரிதாக ஒரு வட்டம், நடுவில் வெளிச்சம் போகும் புள்ளி. புள்ளிக்குக் குறுக்கே துணி நார் ஒன்று கிடந்தது. சுற்றிலும் ஈரம் காய்ந்த கறை. வெள்ளிக்கிழமை மேசை ஓரம் அந்த நூல் வாய் திறந்து தொங்கியது. தூசி படியுமே என்று ஈரத் துணியால் துடைத்திருந்தேன். நன்றாக அழுத்தியே துடைத்திருந்தேன்.

"இவங்க இல்லேன்னா வேற யாரு?" என்றாள் சூப்பர்வைசர்.

"தெரியல," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். என்னைக் காப்பாற்றுகிறாரா, வாயைக் கிளறுகிறாரா?

"நான்தான் தொடச்சேன்," என்றேன். "தொடைக்கத்தானே என்னைய வச்சிருக்கீங்க. ஆனா வாய மூடாம தொங்க விட்டது யாரு?"

அவர் முகம் சுண்டிப்போனது. "மூடி போட மறந்தது நான்தான் ஆன்ட்டி. அதுக்குத் தனித் துணி இருக்கு. சொல்லியிருக்கணும்."

முனையை அந்தத் துணியில் ஓர் இழுப்பு இழுத்தார்; நூலை மாட்டியதும் வெளிச்சம் சரியாகப் போனது. சூப்பர்வைசர் அப்போதும் நீட்டிய கையை மடக்கவில்லை. அட்டையைக் கழற்றி அதில் வைத்தேன்.

இப்போது இன்ஜினியர்தான் எனக்குக் கதவைத் திறந்துவிடுகிறார். திறந்துவிட்டு அங்கேயே நிற்கிறார். நானும் துணியை நனைக்கும் முன், மேசையிலிருக்கும் உதிரி நூல்கள் ஒவ்வொன்றுக்கும் மூடி இருக்கிறதா என்று அவர் எதிரிலேயே எண்ணிப் பார்க்கிறேன்.