சனிக்கிழமைப் பானை

கல்யாணமான மறுவருஷம் சித்திரையில் என் வீட்டுக்காரி முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாதம். எதைத் தின்றாலும் வாந்தி. கஞ்சி, ரசஞ்சோறு, அனந்தபுரம் சந்தையிலிருந்து அம்மா வாங்கி வந்த நார்த்தங்காய், எதுவும் வயிற்றில் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் என்பதால், "இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதாங்க" என்று எனக்கே தைரியம் சொல்வாள். சொல்லி வாய் மூடுவதற்குள் தோட்டத்துப் பக்கம் ஓடுவாள். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு சைக்கிள் கடை வைத்தவன். சக்கரத்தில் கோட்டம் என்றால் பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். பெண்டாட்டி நாளுக்கு நாள் துரும்பாக இளைத்தால் என்ன செய்வதென்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கடையில் பஞ்சர் ஒட்டும்போதுகூட, இவள் பிழைப்பாளா, பிள்ளை தங்குமா என்றே நினைப்பு ஓடும்.

ஒரு வியாழக்கிழமை அவளாகவே வாய் திறந்து ஒன்று கேட்டாள். "எனக்கு சனிக்கிழமைப் பானைச் சோறு வேணுங்க. அதுன்னா உள்ள நிக்கும்னு தோணுது."

அவள் கொச்சிக்காரி. யூதப் பெண். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். மறுநாள் பொழுது சாயும்வரை நெருப்பு மூட்டக் கூடாது, கிளறக் கூடாது, அணைக்கவும் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமையே அரிசி, கொண்டைக்கடலை, வெங்காயம், மசாலா, தேங்காய்ப்பால் எல்லாம் போட்டு, ஓட்டோடு முழு முட்டைகளையும் உள்ளே வைத்து, பாதி வேகவிட்டு, மூடியைச் சுற்றி மாவு அப்பித் தணலில் வைத்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க அது தானே வேகும். சனிக்கிழமை மத்தியானம் திறந்தால் சோறு சிவந்திருக்கும், முட்டை ஓட்டுக்குள்ளேயே பழுப்பாகியிருக்கும். கோழி போட்டால் இன்னும் ருசியாம். ஆனால் அவர்கள் முறைப்படி ஓதி அறுக்கிறவர் கொச்சியில்தான் உண்டு, செஞ்சியில் யார் இருக்கிறார்கள்? இங்கே வந்த நாளிலிருந்து அவள் கறியைத் தொடவில்லை. என்னைக் கட்டிக்கொண்டதால் அவள் வீட்டார் பேச்சை விட்டார்கள், பிறகு இஸ்ரேலுக்குக் கப்பலேறிப் போயே விட்டார்கள். அத்தனையையும் விட்டவள் இந்தச் சனிக்கிழமையை மட்டும் விடவில்லை.

சரி, செய்யலாம். யார் செய்வது? வெங்காயம் வதங்கும் வாசனை வந்தாலே அவளுக்குக் குமட்டும். அம்மாவைக் கேட்டால், "எனக்கு இன்னா தெரியும் அவ ஊரு சமையலு? நான் மாட்டேம்ப்பா" என்றாள். ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு நான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தேன். அவள் பின்கட்டு வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உத்தரவு போட்டாள். மாட்டேன் என்ற அம்மா என் தலைக்கு மேலேயே நின்றாள்.

"டேய், வெங்காயத்த கருக்கிட்ட."

"கருகணும்மா, அப்பதான் நெறம் வருமாம்."

"முட்டைய கழுவுனியா? கழுவாம போட்டா கோழி சாணி வாசன வரும்."

"கழுவிட்டேன்."

"ஆம்பளைக்கு இன்னா தெரியும் கழுவ? ஊரே சிரிக்குது போ. சைக்கிள் கடக்காரரு சமையல்காரர் ஆயிட்டாருன்னு."

ராத்திரி முழுக்கத் தணல் நிற்க வேண்டுமே என்ற கவலைக்கு மட்டும் நானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். மில்லிலிருந்து ஒரு சாக்கு உமி. பெரிய தகர டின்னில் அடியில் கங்கு, சுற்றிலும் உமி, நடுவில் பானை, மேலே சாம்பல். உமி புகைந்து புகைந்து விடியும்வரை சூடு விடாது. அதில் எனக்கு ஒரு பெருமை. அம்மா அதையும் விடவில்லை. "வூடு பத்திக்கினா யாரு வருவா?" அவள் கேட்ட பிறகு எனக்கும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. டின்னைத் தூக்கித் தோட்டத்தில் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன்.

அப்போதுதான் என் பெண்டாட்டி சட்டத்தைச் சொன்னாள். "பொழுது சாஞ்சப்புறம் யாரும் எனக்காக நெருப்பத் தொடக்கூடாது. நீங்களும்தான். தொட்டா நான் சாப்பிட மாட்டேன்."

"அணைஞ்சிபோனா?"

"போகட்டும். உங்களுக்கு டீ வேணும்னா நீங்க அடுப்பு மூட்டிக்கலாம், அது உங்களுக்கு. எனக்காகன்னா கூடாது."

"நெருப்புக்குத் தெரியுமாடி யாருக்காக எரியறோம்னு?"

"எனக்குத் தெரியும்ல?"

அம்மா கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி.

செஞ்சியில் பொழுது சாய்வதிலேயே ஒரு தொல்லை இருக்கிறது. மேற்கே ராஜகிரி மலை. மற்ற ஊர்களில் சூரியன் தரைக்கு இறங்கி மறையும், எங்கள் தெருவில் அதற்கு வெகு நேரம் முன்னாலேயே மலைக்குப் பின்னால் போய்விடும். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது தோட்டத்தில் நிழல் விழுந்துவிட்டது. கங்கை இன்னும் டின்னில் போடவே இல்லை.

"பொழுது பூட்டுது," என்றாள் அம்மா. "அவ்ளோதான். இனிமே அவ சாப்ட மாட்டா."

என் கையிலிருந்த மாவு கீழே விழுந்தது. அதைக் கழுவுவதா, புதிதாகப் பிசைவதா என்று தெரியாமல் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அவர்கள் சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீரும் குடிக்காதவர்கள். அந்த அக்கா நிதானமாக இலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, பொழுது சாஞ்சிடுச்சா?"

"மல மறைச்சா பொழுது சாஞ்சதா ஆயிடுமா தம்பி? கெழக்கால சந்திரகிரி உச்சியப் பாரு. வெயில் இருக்குது இல்ல? அது எறங்குற வரைக்கும் எங்க வூட்ல சாப்புடுவோம். உன் வேல இன்னா உண்டோ அத பண்ணு, அவசரப்படாத." அடுத்த மூச்சிலேயே, "பானைல இன்னா போட்ருக்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லாத" என்றார்.

சந்திரகிரி உச்சியில் மஞ்சள் வெயில் இருந்தது. அந்த உச்சியை ஒரு கண்ணாலும் டின்னை ஒரு கண்ணாலும் பார்த்தபடி கங்கைக் கொட்டி, உமியை அழுத்தி, பானையை இறக்கி, மாவை அப்பிச் சாம்பலைப் போட்டு நிமிர்ந்தேன். வெயில் இன்னும் முழுக்க இறங்கவில்லை. என் பெண்டாட்டி விளக்கேற்றிக் கண்ணைப் பொத்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

மூடிய பானை என்பது என்னைப் போன்ற ஆளுக்குத் தண்டனை. தண்ணீர் போதுமா, அடி பிடித்ததா, உமி நின்றுவிட்டதா? திறக்கவும் கூடாது, கிளறவும் கூடாது. அன்று ராத்திரி நான் எப்படித் தூங்கினேன் என்று கேட்காதீர்கள்.

விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். அம்மா டின் முன்னால் குந்திக்கொண்டு, இரும்புக் கம்பியால் உமியைக் குத்திக் குத்தி ஊதிக்கொண்டிருந்தாள். புதிதாக இரண்டு முறம் உமி வேறு போட்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற!"

"கோழி கூவறதுக்கு முன்னாடியே அணைஞ்சி போயிருந்துதுடா, அப்பத்துலேர்ந்து ஊதினு கெடக்குறேன். பச்ச அரிசியாவே கெடக்கப்போவுது, பாவம், புள்ளத்தாச்சிப் பொண்ணு..."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நான் போட்ட கூச்சலில் என் பெண்டாட்டி எழுந்து வாசலுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அம்மாவின் கையில் கம்பி, தலைமுடியில் சாம்பல். எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அத்தை," என்றாள், "யாருக்காகக் கிளறினீங்க?"

போச்சு, இன்றைக்கும் பட்டினி. இனி ஒரு வாரம் காத்திருந்து மறுபடி முதலிலிருந்து. அதற்குள் இவள் என்ன ஆவாளோ.

அம்மா எழுந்து புடவையை உதறினாள். "யாருக்காகவா? உனக்காகத்தான் நான் காலங்காத்தால புகையத் தின்னுனு கெடக்குறேனா? ரொம்பத்தான் நெனப்பு. எனக்கு வெந்நி வேணும். குளிக்க. ஏன், என் வூட்ல எனக்கு வெந்நி கூடக் காயக் கூடாதா?"

வெந்நீராம். பிறந்ததிலிருந்து கிணற்றில் இறைத்துத் தலையோடு ஊற்றிக்கொள்கிறவள். மார்கழியிலேயே வெந்நீர் தொடமாட்டாள், சித்திரையில், அதுவும் செஞ்சியில், பாறையெல்லாம் கொதிக்கிற நேரத்தில்! இவள் அதை நம்பப்போகிறாளா? நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

என் பெண்டாட்டி டின்னை எட்டிப் பார்த்தாள். "அப்ப சரி அத்தை," என்றாள். "தவலைய எங்க காணோம்?"

"இப்பத்தான் வெக்கப் போறேன். உன் பானைய மொதல்ல எடு, எனக்கு எடம் வேணும்."

மத்தியானம்வரை பானை துணி சுற்றித் திண்ணையோரம் இருந்தது. மாவை உடைத்துத் திறந்தபோது சோறு சிவந்துதான் இருந்தது. அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது, ஒரு முட்டை வெடித்திருந்தது. அவள் ஒரு பழுப்பு முட்டையை உரித்து உப்புத் தொட்டுத் தின்றாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கை சோறு. பிறகு இன்னொரு கை. தோட்டத்துப் பக்கம் ஓடவில்லை. "இப்படிப் பாக்காதீங்க, எறங்க மாட்டேங்குது" என்று என்னை விரட்டினாள்.

தோட்டத்தில் அம்மா நட்டநடு மத்தியான வெயிலில் வெந்நீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, "ஐயோ, சுடுது! பாவி, இவ்ளோ உமிய எதுக்குடா வாங்கியாந்த!" என்று தெருவே கேட்க என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.