இறங்காத பியானோ கட்டை

கண்ணுகளா, இன்று காலை உங்கள் பியானோவில் சிக்கிக்கொண்ட கட்டையைக் கழற்றினேன். அடியிலிருந்து ஈரக் கம்பளித் துணியின் வாடை வந்ததும் என் கை நின்றுவிட்டது.

நான் சின்னவனாக இருந்தபோது, மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டிலும் ஒரு பழைய பியானோ இருந்தது. அத்தை தினமும் விளக்கு வைத்த பிறகு வாசிப்பாள். அவளுக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் கட்டைகள் இறுகிப்போயின. அப்பா அவற்றைக் கழற்றி, ஒவ்வொரு கட்டையையும் நேராகப் பிடித்து நிறுத்தும் சின்னக் கம்பிகளை இடுக்கியால் நிமிர்த்தினார். வேலை செய்யும்போது உதட்டுக்குள் முனகுவது அவர் வழக்கம். ஒரு கட்டை மட்டும் உட்காரவில்லை; அதன் அடியிலிருந்து இதே ஈரக் கம்பளி வாடை வந்தது. முனகல் நின்றது.

“கம்பி நேராத்தான் இருக்கு. இது ஏன் இறங்க மாட்டேங்குது?”

“என் வாசிப்பக் கேக்க எலி ஏதாவது குடிவந்திருக்கும் அண்ணா,” என்று சிரித்தபடி அத்தை இடைவெளியில் விரல்களை விட்டாள்.

அப்போது பக்கத்துக் கட்டை, யாரும் தொடாமல், மெல்ல மேலெழுந்தது. அதன் கம்பியில் வெள்ளையாகப் பாம்புச் சட்டை மாட்டியிருந்தது.

“சும்னே இரு, சரோஜா. கையை அசைக்காத,” என்றார் அப்பா, பாதி கன்னடத்தில்.

கட்டை தணியும்வரை அத்தை விரலைக்கூட அசைக்கவில்லை. பிறகு கையை மெதுவாக வெளியே எடுத்தாள். பாம்பு எந்த வழியாகப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தை அதற்குப் பிறகு வாசிக்கவே இல்லை.

இன்றும் கம்பியை நிமிர்த்திவிட்டேன். கட்டைதான் இறங்கவில்லை. உள்ளே கை விடாமல் மூடிவிட்டேன். பாம்பு பிடிக்கிறவரைக் கூட்டிவரப் போகிறேன். நான் வரும்வரை அந்த அறைக்கதவைத் திறக்காதீர்கள்.