டயருக்குக் காற்று

கிள்ளான் நகரத்திலிருந்து மேரு என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது. காற்றடிக்கும் குழாய் பக்கவாட்டில். கழிப்பறை அதற்கும் பின்னால், வேனில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் படாத இடத்தில். போன வருடம் பல மாதங்கள் காலை நேரத்தில் வேனை அங்கே ஒதுக்குவேன். "டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்று யாரையும் பார்க்காமல் சொல்வேன். இறங்கி டயர் பக்கம் ஒரு முறை குனிவேன். குழாயைக் கையில் எடுத்துவிட்டு வைப்பேன். "கை கழுவிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, நடக்கிற மாதிரி ஓடுவேன்.

தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் அது. வேன் என்னுடையதல்ல, காப்பாரில் இருக்கும் முதலாளியுடையது. ஏறுகிறவர்கள் எல்லாரும் பெண்கள். எனக்கு இயல்பிலேயே பேச்சு வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் தலை குனிந்துகொள்வேன். வேன் ஓட்டுவதில் எனக்குப் பிடித்ததே, எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்காரலாம் என்பதுதான்.

ரத்தத்தில் சீனி கூடி இனிப்பு நீர் வந்திருக்கிறது என்று அரசாங்கக் கிளினிக்கில் சொல்லி, பெரிய வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. போடத் தொடங்கிய வாரமே வயிறு இரைய ஆரம்பித்தது. இரவு மாத்திரை பரவாயில்லை, அவஸ்தை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். காலை மாத்திரைதான் என்னோடு வேனில் ஏறி வந்தது.

சாப்பாட்டோடு போடச் சொல்லித்தான் பையில் எழுதியிருந்தார்கள். ஆனால் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வேறொரு பழக்கம் உண்டு. பாதை நீளமென்றால் வயிற்றில் ஒன்றும் போடமாட்டோம். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே வரவும் ஒன்றும் இருக்காது. லோரி ஓட்டிய நாளிலிருந்தே நான் அப்படித்தான். அதனால் மனைவி கட்டிக் கொடுக்கும் தோசையைத் தொடாமல், ஒட்டுக்கடையில் பாலும் சீனியும் போடாத கோப்பி ஓ வாங்கி அதோடு மாத்திரையை விழுங்கினேன். வயிறு இன்னும் மோசமானது. அதற்கு நான் கண்ட வழி, முந்தின இரவும் பாதி சாப்பாட்டோடு எழுந்துவிடுவது.

முன் இருக்கையில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் அக்கா, அந்தத் தொழிற்சாலையில் பழைய ஆள். பாலில் பாக்டீரியா விட்டுப் புளிக்கவைத்து, சின்னச் சின்ன போத்தல்களில் வரும் புளிப்பும் இனிப்புமான பானம் செய்கிற இடம் அது. வேனில் பேச்சை ஆரம்பிப்பது எப்போதும் அந்த அக்காதான்.

"எங்க கம்பெனியில பாக்டீரியாவுக்குத் தனி ரூம் இருக்கு தம்பி, தெரியுமா? தனி ஏர்கோன். சூடு கொஞ்சம் ஏறுனா போதும், மேனேஜர் சட்டைய மாட்டிக்கிட்டு ஓடி வராரு. எங்க கேன்டீன்ல காத்தாடி எப்பவோ கெட்டுப்போச்சு. ஒருத்தனும் எட்டிப் பாக்கல."

"அடுத்த பொறப்புல பாக்டீரியாவா பொறந்துருவோம்க்கா," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "வேலைக்கு வேலையும் இருக்கும், ஏர்கோனும் இருக்கும்."

நான் பெட்ரோல் நிலையத்தில் ஒதுக்கினால் பேச்சு என் பக்கம் திரும்பும்.

"நேத்துதானே தம்பி காத்து அடிச்சீங்க? அது டயரா, சல்லடையா?"

"அக்கா, அண்ணன் டயரப் பாக்க எறங்கல லா. உள்ள காசு வாங்குற பொண்ணு நல்லா லட்சணமா இருக்கு."

வேன் முழுக்கச் சிரிப்பார்கள். எனக்குக் காது சூடாகும். அவர்கள் அப்படி நினைத்துக்கொள்வதே மேல் என்றுகூடத் தோன்றும்.

கிளினிக்கில் என்னைப் பார்த்தது சின்ன வயது டாக்டர், மலாய்க்காரப் பெண். மருந்தில் ஏதும் பிரச்சினை உண்டா என்று மலாயில் கேட்டார். என் மகளாக இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். அவரிடம் எந்தச் சொல்லால் எதைச் சொல்வது? "தாக் அடா, டாக்டர்" என்றேன். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். ரத்தத்தில் சீனி குறையவில்லை என்று அவர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். பிரச்சினை இல்லை என்று சொன்ன ஆளுக்கு வேறு என்ன செய்வார்?

அதற்குப் பிறகு ஒரு நிறுத்தம் போதவில்லை. மேரு சாலை நெரிசலில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கால் விரல்களை மடக்கிக்கொண்டு, ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் தாண்டுவேன். வேன் தாமதமாகப் போனது. பெண்கள் தொழிற்சாலையில் வருகைக் கார்டு அடிக்கும் நேரம் தப்பி, நேரத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அந்த மாதப் படி அவர்களுக்குக் கிடைக்காமல் போனது. சிரிப்பு நின்றது. புகார் முதலாளிக்குப் போனது.

"என்னா செய்றீங்க நீங்க?" என்று போனில் கேட்டார். "டயர் டயருங்கிறாங்க. நான் இப்பத்தான் நாலும் புதுசு மாத்துனேன். இன்னொரு தடவ லேட்டுன்னு வந்துச்சு, மேரு ஓட்டத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன். அப்புறம் என்னைக் கொற சொல்லாதீங்க."

என் வயதில் புது ஓட்டம் தேடி எங்கே போவது? மனைவியிடமும் சொல்லவில்லை. களைப்பாக இருந்தது. வயிறு களைத்திருந்தது, பொய் சொல்லிச் சொல்லி வாயும் களைத்திருந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று நினைத்துக்கொண்டேதான் அந்த மாத மருந்து வாங்க கிளினிக்குக்குப் போனேன்.

மருந்து கொடுக்கும் இடத்தில் என் எண்ணைக் கூப்பிட்டபோது நான் கழிப்பறையில் இருந்தேன். திரும்பி வந்து மறுபடி எண் எடுத்து உட்கார்ந்தேன். மறுபடி கூப்பிட்டபோதும் கழிப்பறையில்தான் இருந்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த மருந்தாளர், தமிழ்ப் பெண், என்னைக் கவனித்திருக்கிறார். வெளியே வந்து பக்கத்துச் சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அங்கிள், வயித்தால போகுதா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"சாப்பிட்டு மாத்திரை போடுறீங்களா?"

இல்லை என்பதற்கும் தலைதான் ஆடியது. பிறகு, வேன் ஓட்டுவதைச் சொன்னேன். கோப்பியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வயிறு காலியா இருந்தா போகாதுன்னு நெனச்சீங்க. இந்த மாத்திரைக்கு அது நேர்மாறு அங்கிள். வெறும் வயித்துல போட்டா இன்னும் கலக்கும். இது ரத்தத்துல மட்டும் வேலை செய்யிற மருந்து இல்ல, குடல்லயும் செய்யுது. நம்ம குடல்ல கோடிக்கணக்குல பாக்டீரியா குடியிருக்கு. இந்த மருந்து உள்ள போனா அதுல சிலது பெருகும், சிலது கொறைஞ்சு போகும். சீனி எறங்குறதுக்கே அது ஒரு காரணமா இருக்கலாம்கிறாங்க. வயிறு கலங்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கலாம். முழுசா இன்னும் யாருக்கும் தெரியல."

"கெட்ட கிருமியா மிஸ்?"

"இல்ல அங்கிள். நமக்கு ஒதவி செய்றதும் அதுலதான் இருக்கு. புது மருந்துக்கு அதெல்லாம் பழகணும்."

எனக்கு அக்கா சொன்ன ஏர்கோன் ரூம் நினைவுக்கு வந்தது. என் வயிற்றில் குடியிருந்தவற்றுக்கு நான் காலையில் அனுப்பியது கறுப்புக் கோப்பியும் ஒரு மாத்திரையும்தான்.

அவர் டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைக்கு மாற்றி, அளவையும் முதலில் குறைத்துக் கொடுத்தார்கள். கட்டாயம் சாப்பாட்டோடு.

"உடனே நிக்காது அங்கிள். அடங்கக் கொஞ்ச வாரம் ஆகும்."

"அது வரைக்கும் மிஸ்?"

"வேன்ல வரவங்ககிட்டச் சொல்லிருங்களேன்."

அவர்களிடம் சொல்வதற்கு மாத்திரைபடுத்தும் பாடே தேவலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை தோசையைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டேன். பெட்ரோல் நிலையத்தைத் தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. வேன் நின்றது. அக்கா முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "என்னா தம்பி, டயரா?" என்றார். கிண்டல் இல்லை, எரிச்சல்தான்.

"டயர் இல்லக்கா," என்றேன். "வயிறு. இனிப்பு நீர் மாத்திரை போடுறேன். அடக்க முடியல."

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். இறங்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது பின்னால் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. கடைசி வரிசை மூலையில் உட்காரும் பெண், அத்தனை மாதத்தில் நான் குரலே கேட்டிராத பெண், இறங்கிக் கழிப்பறைப் பக்கம் வேகமாக நடந்தாள்.

"அவளும் அதே மாத்திரைதான்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். "தெனமும் கம்பெனி வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு வருவா. நீங்க நிறுத்துறப்ப எறங்கணும்னுதான் அவளுக்கு. எல்லாரும் டயரு டயருன்னு சிரிக்கிறாங்களேன்னு எறங்கமாட்டா."

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "பெரிய வெள்ளை மாத்திரையா தம்பி? எனக்கும் இருக்கு. எனக்கு ஒன்னும் செய்யலையே."

"உங்க வயித்துல இருக்கறது கம்பெனி பாக்டீரியாக்கா," என்று யாரோ சொன்னார்கள். நான் இறங்கி நடந்தேன். அன்றைக்கு ஓடவில்லை.

அன்றும் தாமதமாகத்தான் போனோம். ஆனால் முதலாளிக்கு அக்காவே போன் செய்தார். வேன் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பும், வழியில் ஒரு நிறுத்தம் உண்டு, எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி என்னிடம், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே லா" என்றதோடு விட்டுவிட்டார். மேரு ஓட்டம் என்னிடமே இருக்கிறது.

வயிறு ஓரளவு அடங்கிவிட்டது. சில காலைகளில் எனக்கு அந்த நிறுத்தம் வேண்டியதில்லை. என்றாலும் நிறுத்துகிறேன், மூலைப் பெண் இறங்குகிறாள். அக்கா சில நாள் தொழிற்சாலைப் போத்தல் ஒன்றை நீட்டி, "குடிங்க தம்பி, வயித்துக்கு நல்லது" என்பார். அதில் இருக்கிற சீனியை நினைத்து, வேண்டாம் என்று இப்போது வாயைத் திறந்து சொல்கிறேன்.

முன்னதாகக் கிளம்பவேண்டும், சாப்பிட்டுவிட்டு வேறு கிளம்பவேண்டும் என்பதால் இருட்டோடு எழுந்திருக்கவேண்டியிருக்கிறது. எனக்கு முன்னால் மனைவி எழுந்து தோசை வார்க்கிறாள். நீ தூங்கு, நான் ரொட்டி தின்றுகொள்கிறேன் என்றால் கேட்பதில்லை. தோசையைத் தொடாமல் போன மாதங்களை அவள் மறக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து, நான் முழுவதும் தின்று மாத்திரையை விழுங்கும்வரை பார்க்கிறாள். அதன் பிறகுதான் மேசைமேல் தலையைச் சாய்க்கிறாள். நான் தட்டைச் சத்தமில்லாமல் கழுவி வைத்துவிட்டு, வேன் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறேன்.