ஜான்சியின் ஹாலில் என் பெட்டி

வீட்டிலேயே சர்வர் வைத்து ஊராரின் வெப்சைட்டுகளை நடத்துகிறவனுக்குப் பாராட்டு வருகிறதோ இல்லையோ, போன் வந்துவிடும். உங்களில் யாராவது இந்த வேலையில் மாட்டியிருந்தால், இதைப் படிக்கும்போதே கை மொபைலைத் தேடியிருக்கும்.

என் சர்வர் என்பது அயனம்பாக்கம் வீட்டு ஹாலில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருக்கும் பழைய கம்ப்யூட்டர். வீட்டில் அதற்குப் பெயர் 'பெட்டி'. என்னிடம் இருப்பது ஒரே ஒரு டொமைன். அதன் முன்னால் கோழி, டிரைவிங், கோயில் என்று ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தால் ஒவ்வொரு தளம், அதுதான் சப்டொமைன். அந்தப் பெயரைத் தட்டுகிறவர்களுக்கு வழி காட்டுவது டிஎன்எஸ். எல்லா வழியும் வந்து சேருவது என் வீட்டுக்கு. கதவைத் திறப்பதோ என் மனைவி ஜான்சி.

"இன்னொரு தபா யாராச்சும் வாசல்ல வந்து கத்தட்டும், பெட்டியத் தூக்கி பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுர்றேன்" என்று நாள் தவறாமல் எச்சரிப்பாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

குற்றவாளி போன்

மாங்காட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கோபாலுக்குப் புதுப் பெயரில் தளம் திறந்தேன். புதுப் பெயர் எல்லா இடத்துக்கும் பரவ ஒரு நாள் ஆகலாம், அதுவரை சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அன்று சாயங்காலமே வாசலில் ஸ்கூட்டர். "இன்னா மாமே, என் மச்சான் போன்ல வந்துகினு கீது. ஓனரு நானு, எனக்கு வரல. அவனுக்கு மட்டும் இன்னா தனி கவனிப்பு?"

மறுபடி விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனவர், மறுநாள் புத்தம்புது போனோடு வந்து நின்றார். அதற்குள் பெயர் தானாகவே பரவி, தளம் ஜம்மென்று தெரிந்தது. என் முதுகில் தட்டிச் சொன்னார்: "பாத்தியா, கோளாறு போன்ல. நீ இன்னும் நெறைய கத்துக்கணும் மாமே."

சாம்பல் புதனில் லெக் பீஸ்

குமணன்சாவடிப் பக்கத்துக் கோயில் ஃபாதர், தவக்காலச் சிந்தனைகளுக்கு ஒரு தளம் கேட்டார். பெயரை உருவாக்கிவிட்டேன். அந்தப் பெயரில் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது என்று பெட்டிக்குச் சொல்ல மறந்துவிட்டேன். சொல்லாவிட்டால் பெட்டி பட்டியலில் முதலில் இருக்கும் தளத்தை எடுத்து நீட்டும். முதலில் இருந்தது கோழிக்கடை.

கறியைத் தொடாத சாம்பல் புதனன்று, பூசை முடிவில் ஃபாதர் தளத்தின் பெயரை அறிவித்தார். சபையே போனைத் திறந்தது. மசாலா தடவிய லெக் பீஸ், சுடச்சுட. மத்தியானமே ஃபாதர் எங்கள் வாசலில் நின்றார். கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "தம்பி, தப்பு யாருக்கும் வரும். ஆனா ரெண்டு பேரு ஆர்டரே போட்டுட்டாங்க."

மாவு பொங்கிய நாள்

மார்கழியில் இட்லி மாவு புளிக்கவில்லை என்று ஜான்சி கண்ட இடம், எப்போதும் கதகதப்பாக இருக்கும் பெட்டியின் தலை. மாவு பொங்கி வழிந்தது. எல்லாத் தளமும் படுத்துவிட்டது.

பெட்டி நின்றால் முதலில் கூப்பிடுவது ஆவடி ஆரோக்கியசாமி அண்ணன். கோயில் பாடற்குழுவில் அவர் மனைவி மேரியக்கா பாடிய பாட்டுகளுக்கென்று ஒரு தளம் கேட்டு வாங்கியவர். அக்கா இப்போது இல்லை. தினமும் ஆறு மணிக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அண்ணன் அதைத் திறப்பார். பாட்டுகளை உங்கள் போனிலேயே ஏற்றித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "வேணாம் தம்பி, அவ தெனமும் வரணும்" என்றுவிட்டார்.

என் இரண்டு கையிலும் மாவு. அதனால் அன்று அவர் போனை எடுத்தது ஜான்சி. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது: "அம்மா, மேரி இன்னும் வரலம்மா." ஜான்சி ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து மாவைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஃபேனா, பெட்டியா?

மே மாதம், அம்பத்தூரில் ஒரு வேலையாக இருந்தேன். எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எங்கள் இன்வெர்ட்டர் கிழடு. ஃபேனைத் தாங்கும், இல்லை பெட்டியைத் தாங்கும், இரண்டையும் தாங்காது. அந்தப் புழுக்கத்தில் ஜான்சி எதன் பிளக்கைப் பிடுங்கியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணனிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வண்டியை விரட்டினேன்.

ஹாலில் ஃபேன் நின்றிருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது. ஜான்சி வியர்வையில் குளித்தபடி, காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து எரிந்து விழுந்தாள்: "இன்னா அப்டி பாக்கற? மணி ஆறாவப் போவுது, மேரியக்கா பாட வாணாமா?"

இப்போதும் பழைய இரும்புக்காரர் எங்கள் தெருவில் கூவிக்கொண்டு போனால் ஜான்சி வாசலுக்கு ஓடுகிறாள், ஆனால் கையைக் காட்டுவது என் பைக்கை நோக்கி.