முருகேஸ்வரியின் வயிற்றுக்குத் தெரிந்த வண்டி

சக்குபள்ளம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் முருகேஸ்வரிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஓட்டுகிறவனின் கால் என்ன செய்கிறது என்பது அவள் வயிற்றுக்குத் தெரியும். முப்பது வருடமாகக் கம்பம்மெட்டு மலை இறங்கும் பஸ், ஜீப் எல்லாவற்றிலும் வாந்தி எடுத்துச் சம்பாதித்த ஞானம். கண்டக்டர்கள் டிக்கெட் கிழிக்கும் முன்பே அவளுக்கு ஜன்னலோரத்தை ஒழித்துக் கொடுத்துவிடுவார்கள்.

இதில் சிரிக்க முடியாத சங்கதி ஒன்று உண்டு. ஒரே மகள் கோமதியின் கல்யாணம் கம்பத்தில் நடந்தபோது முருகேஸ்வரி மண்டபத்துப் பின்னறையில் பாயில் கிடந்தாள். தாலி கட்டியதை மேளச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டாள். இப்போது கோமதிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பில் முதல் வளையலைத் தன் கையால், அதுவும் நின்றுகொண்டு, போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

பக்கத்து வீட்டு மாரீஸ்வரன் வாடகைக்கு ஓட்ட மின்சாரக் கார் வாங்கியிருந்தான். சத்தமில்லை, புகையில்லை, ஒன்றும் செய்யாது என்று அவளை வெள்ளோட்டம் கூட்டிப்போனான். வேகமாகச் சீறும் ஸ்போர்ட் மோடு போட்டுக் காட்டினான். மூன்றாவது வளைவில் அவள் வழக்கம்போல எடுத்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "மாரீசு, மத்த வண்டி பிரேக்கு போட்டாத்தான் இழுக்கும். ஒன் வண்டி நீ கால எடுத்தாலே புடிச்சு இழுக்குது. அதக் கொறைக்க வழியிருக்கா?"

இருந்தது. இறக்கத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காக வண்டி தானே பிடிக்கிற பிடி அது. கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். விற்றவர்கள் சொன்னதை மாரீஸ்வரன் காதில் வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக மாற்றினான். மோடு, நிதானமாக ஓடும் ஈகோ. பிடி, இருப்பதிலேயே குறைவு. நின்ற இடத்தில் வண்டி நகர்ந்து நகர்ந்து ஆடுவதை நிறுத்தவும் ஒரு பொத்தான் கிடைத்தது: பிரேக் ஹோல்டு. ஒருமுறை மிதித்து நிறுத்தினால் காலை எடுத்தாலும் அசையாது.

"வண்டி என்னுதா, ஒன்னுதாக்கா?" என்று மாரீஸ்வரன் எரிந்து விழுந்தான்.

"வண்டி ஒன்னுது. வயிறு என்னுது."

அன்று அவள் எடுக்கவில்லை.

வளைகாப்பு அன்று டிக்கியில் ஏழு வகைச் சோறு, மடியில் வளையல். பாதி மலையில் ஒரு லாரி டயர் வெடித்துக் கிடந்தது. நகர்வதும் நிற்பதுமாக முக்கால் மணி நேரம். நின்றபோதெல்லாம் பிரேக் ஹோல்டு விளக்கு எரிந்தது. முன்னால் நின்ற ஜீப்பிலிருந்து இரண்டு பேர் இறங்கி ஓரமாக உட்கார்ந்து எடுத்தார்கள். முருகேஸ்வரி கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தாள். பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் கொஞ்சம் அதிகம்.

சம்பந்தி வீட்டுப் பின்னறையில் அவளுக்காகப் பாய் விரித்து, பக்கத்தில் வாளியும் வைத்திருந்தார்கள். கூடத்தில் கோமதியின் வலது கையில் அதற்குள் வளையல் நிறைந்திருந்தது.

"நல்ல நேரம் முடியப்போகுதும்மா," என்றாள் கோமதி. "நீ வந்தாலும் படுத்துக்கிருவேல்ல. அதான் அத்தைய ஆரம்பிக்கச் சொல்லிட்டேன்."

மலையில் வராத குமட்டல் முருகேஸ்வரிக்கு அங்கே வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"செத்த நேரம் படுங்க மதினி," என்று சம்பந்தி சாந்தம்மாள் பின்னறையைக் காட்டினாள்.

முருகேஸ்வரி நின்ற இடத்திலேயே வளையல் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"எடது கைய நீட்டுடி," என்றாள்.